அவள் இறங்காத வயல்

அன்று காலை மைதானத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். கிளைடர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். மேற்குக் கோடியில் விஞ்ச் எந்திரத்தை இயக்கும் ஆள். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் கொக்கி. தொண்ணூறு தடவைக்கு மேல் மாஸ்டரோடு பறந்தும் இன்னும் தனியாக அனுப்பப்படாத மாணவரான பல் டாக்டர். தையல் எந்திரம் பழுது பார்க்கும் என் தம்பி. அவனுடைய ஒரே மகள், பத்தொன்பது வயது. பிறகு நான். வேலிக்கு அந்தப் பக்கம், தன் வயலில், எங்கள் பங்காளி நின்றிருந்தான். அன்று நான் அவனைக் கணக்கில் சேர்க்கவில்லை. இப்போது சேர்க்கிறேன். ஏழு பேர்.

இதை முதலிலேயே எழுதுகிறேன். ஏனென்றால் எங்கள் தெருவில் இன்று முப்பது பேராவது அங்கே நின்று கண்ணால் பார்த்ததாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

நான் குடிநீர் வாரியத்தில் முப்பத்து நான்கு வருடம் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையெழுத்தில் ஒரு தவறான நேரம் பதிவானதில்லை. தம்பி மகள் கிளைடர் பழகப் போகிறேன் என்று நின்றபோது, பெண்பிள்ளை தனியாகப் போய்வர வேண்டாம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூடவே போனேன். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. எந்த நேரத்தில் மேலே போனது, எந்த நேரத்தில் இறங்கியது என்று குறிப்பேட்டில் எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மைதானத்தின் கிழக்குக் கோடியில் ஒரு மேசை, ஒரு குடை, ஒரு கடிகாரம். மேசையிலிருந்து நூறு அடியில் கம்பி வேலி. வேலிக்குக் கிழக்கே பங்காளியின் வயல்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் விஞ்ச், கம்பி வடத்தைச் சுருட்டி இழுக்கும்; பட்டம் ஏறுவதுபோல் அது ஏறும். நானூறு மீட்டர் வாக்கில் வடத்தைக் கழற்றிவிட்டால் பிறகு காற்றும் கையும்தான். எங்கள் மைதானத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும். அதனால் கிளைடர் கிழக்கே போய்த் திரும்பி, பங்காளியின் வயலுக்கு மேலாக வந்து, வேலியைத் தாண்டி, மேசைக்கு எதிரில் இறங்க வேண்டும். பிசகினால் இன்னொரு முறை சுற்றி வர வழியில்லை. இறங்குவது ஒரே தடவை.

தம்பி மகள் கெட்டிக்காரி. பத்தாவது தடவையிலேயே கிளைடர் அவள் சொன்னபடி கேட்டது. கிளைடர் காற்றில் சறுக்காமல் போகிறதா என்று காட்டுவதற்காகக் கண்ணாடிக்கு வெளியே ஒட்டியிருக்கும் கம்பளி நூல், அவள் திருப்பும்போது கோடு போட்டதுபோல் நேராக நிற்குமாம். "நான் ஓட்டினா அந்த நூல் சாமியாடுது. பாப்பா ஓட்டினா தியானம் பண்ணுது" என்பார் பல் டாக்டர்.

மாஸ்டருக்கு அது போதவில்லை. இருபதாவது தடவைக்குப் பிறகு உயரம் காட்டும் முள்ளின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டார்.

"முள்ளுக்கு மூளை கிடையாது. மண்ணைப் பாத்து உயரம் சொல்லு" என்றார். மேலே போனால் நொடிக்கொரு தரம் ஒரே கேள்விதானாம்: "இப்போ காத்து கைவிட்டா எங்க இறங்குவ?" அவள் விரலை நீட்டிக் காட்ட வேண்டும். தயங்கினால் பின்சீட்டிலிருந்து திட்டு விழும்.

ஒரு நாள் இறங்கியதும் என் மேசையருகே வைத்துப் பாடம் நடந்தது. மாஸ்டர் தரையில் குச்சியால் மைதானத்தை வரைந்தார்.

"தாழ்வா வந்துட்ட. வேலியைத் தாண்ட முடியுமா முடியாதான்னு சந்தேகம். எங்க விடுவ?"

அவள் வேலிக்குக் கிழக்கே விரலை வைத்தாள். "இந்த வயல்ல மாஸ்டர். அறுப்பு முடிஞ்சு வெறும் தாளா இருக்கு. மேடு பள்ளம் இல்ல."

நான் எழுந்து நின்றேன். "அந்த வயல் வேண்டாம். எங்க வீட்டுப் பொண்ணு அங்க இறங்க மாட்டா."

மாஸ்டர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மேலேருந்து பாத்தா எது யார் வயல்னு தெரியாது சார்."

"எங்களுக்குத் தெரியும்."

பல் டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, என் முகத்தைப் பார்த்து, தேநீர்க் குவளையை எடுத்துக்கொண்டார்.

பங்காளி என் சித்தப்பா மகன். என் அப்பா சாகக் கிடந்த ஆஸ்பத்திரியில், டாக்டரும் நர்சும் உறவுக்காரர்களும் நின்ற நடைபாதையில், நினைவு தப்பிய கிழவனின் விரலைப் பிடித்து நான் சொத்துப் பத்திரத்தில் உருட்டினேன் என்று சொன்னான். அது பொய். சொன்னதைத் திரும்ப எடு என்றேன். "சொன்னது சொன்னதுதான்" என்றான். பதினெட்டு வருடமாகிறது. எங்கள் வீட்டார் யாரும் அவன் வாசலையோ நிலத்தையோ மிதித்ததில்லை. அவன் கிணற்றடியில் பந்து விழுந்தால்கூடப் பிள்ளைகள் புதுப் பந்துதான் வாங்கினார்கள்.

அன்று மாலை வீட்டில் அவளைக் கூப்பிட்டேன். கூடத்தில் உட்கார்ந்து காலணியின் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள். தம்பி ஜன்னலோரம் நின்றான்.

"அவன் நிலத்துல நீ கால் வைக்கக் கூடாது. எனக்கு வாக்குக் குடு."

"பெரியப்பா, வேணும்னு யாரும் அங்க இறங்க மாட்டாங்க. வேற வழி இல்லைன்னாதான்..."

"வேற வழி இருக்கற மாதிரி ஓட்டக் கத்துக்கோ."

"காத்து நம்ம பேச்சைக் கேக்காது பெரியப்பா."

"நீ என் பேச்சைக் கேக்கலாமில்ல?"

அவள் அப்பனைப் பார்த்தாள். அவன் ஜன்னல் கம்பியை எண்ணிக்கொண்டிருந்தான். "சரி பெரியப்பா" என்றாள். சொன்னால் சொன்னதில் நிற்கும் பெண். அந்தக் குணம் எங்கள் வீட்டில் வந்தது என்று நான் பெருமையோடு சொல்லித் திரிந்தவன்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிறு. அவளும் மாஸ்டருமாக வரும்போது கிளைடர் தாழ்வாகிவிட்டது; மாஸ்டரே கட்டுப்பாட்டை வாங்கிப் பங்காளியின் வயலில் இறக்கிவிட்டார். கிளைடர் தாள்களுக்கு நடுவே ஒரு சிறகைச் சாய்த்துக்கொண்டு நின்றது. கொக்கியும் பல் டாக்டரும் தள்ளிக்கொண்டு வர ஓடினார்கள். நான் மேசையை விட்டு எழவில்லை. பங்காளி தன் டிராக்டரை நிறுத்திவிட்டுக் கை கொடுக்க வந்தான். மாஸ்டர் இறங்கினார். முன்சீட்டில் இருந்த இவள் இறங்கவில்லை.

"பாரம் அதிகமா இருக்கு பாப்பா, இறங்குங்க" என்றார் கொக்கி.

"இல்ல. நான் இப்படியே இருக்கேன்."

"இளவரசி பல்லக்கை விட்டு இறங்க மாட்டாங்களாம்" என்று பல் டாக்டர் சிரித்தார்.

பங்காளி குனிந்து பார்த்தான். "வெறும் தாள்தாம்மா, ஒண்ணும் குத்தாது. நானும் உனக்குப் பெரியப்பாதான்."

அவள் முகம் சிவந்து, கட்டியிருந்த பட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அவளை உள்ளே வைத்தபடியே நான்கு ஆண்கள் வேலிக் கதவு வரைக்கும் மூச்சிரைக்கத் தள்ளினார்கள். கதவைத் தாண்டி எங்கள் பக்கத்துப் புல்லில் சக்கரம் ஏறிய பிறகுதான் காலைக் கீழே வைத்தாள். மாஸ்டர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் மேசையில் உட்கார்ந்தபடி நெஞ்சு நிமிர்ந்தேன். என் அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்றுகூட நினைத்தேன். அதை இன்று எழுதும்போது எனக்கு வாய் கசக்கிறது.

அவளுக்குத் தேவையாக இருந்தது ஒரே ஒரு கையெழுத்து. தனியாகப் பறந்தாள், இனியும் தனியாக அனுப்பத் தகுந்தவள் என்று மாஸ்டர் எழுதிக் கொடுத்தால்தான் விமானிப் பயிற்சிப் பள்ளி அவள் விண்ணப்பத்தை வாங்கும். மாதக் கடைசிதான் கெடு. அந்தப் பள்ளிக்காக அவள் மூன்று வருடம் படித்தாள். சினிமா, கல்யாணம் காட்சி என்று எதற்கும் வரவில்லை. இதுதான் வேண்டும், இது இல்லாவிட்டால் வேறு எதுவும் வேண்டாம் என்று ஒரு பிள்ளை நிற்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

நான் முதலில் சொன்ன அந்தக் காலையில் வந்தது அவளுடைய அறுபத்து நான்காவது தடவை. அதற்கு முந்தைய சுற்று முடிந்ததும் மாஸ்டர் பின்சீட்டிலிருந்து இறங்கினார். காலியான இருக்கையின் பட்டைகளை இழுத்துக் கட்டினார். கண்ணாடியைத் தட்டி, "போயிட்டு வா" என்றார். அவ்வளவுதான். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதான்.

"ஏன் அழறீங்க? என்னைத்தான் அனுப்பல" என்றார் பல் டாக்டர், சிறகின் நுனியைப் பிடித்துக்கொண்டே.

பத்து நாற்பத்திரண்டு. எழுதினேன். வடம் இறுகியது. பல் டாக்டர் நான்கு எட்டு ஓடிச் சிறகை விட்டார். ஓர் ஆள் பாரம் குறைந்ததால் கிளைடர் துள்ளிக்கொண்டு ஏறியது. மேலே வடம் கழன்றது. சின்னப் புள்ளியாக அது கிழக்கே திரும்பி வந்தது.

எங்கள் தலைக்கு மேலாகப் போகும்போதே மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டார். காற்று வலுத்திருந்தது, குடையின் ஓரம் படபடவென்று அடித்தது. அந்தப் பக்கத்துக் காற்று கீழ்நோக்கி இழுக்கிறது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. வழக்கமாகத் திரும்பும் இடத்துக்கு வருவதற்குள் கிளைடர் அங்கே இருக்க வேண்டிய உயரத்தில் பாதிக்கு இறங்கிவிட்டது.

"சீக்கிரம் திரும்பு" என்று வாய்க்குள் சொன்னார். அவள் சீக்கிரமே திரும்பினாள். "நல்லது. இப்போ வயல்ல விடு." வயர்லெஸ்ஸை எடுத்து ஒரு தடவை அழுத்தினார். "வயல் காலியா இருக்கு."

வயலின் நடுவே நின்ற டிராக்டரைப் பங்காளி அதற்கு முன்பே ஓரமாக ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அவளுக்கு இடம் விடத்தான்.

கிளைடர் வயலைப் பார்த்து நேராக வந்தது. அளவு எடுத்ததுபோல் இருந்தது. சிறகுகளின் மேலே பிரேக் தகடுகள் எழும்பின. அதாவது இறங்க முடிவு செய்துவிட்டாள். மாஸ்டர் மூச்சை விட்டார்.

தகடுகள் மூடிக்கொண்டன.

மூக்கைக் கீழே குத்தினாள். வேகம் பிடித்தாள். தாள்களுக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில், பிறகு இடுப்பு உயரத்தில், வயல் முழுவதையும் கடந்து அவள் எங்களை நோக்கி வந்தாள். சீறல் சத்தம் கேட்டது. பல் டாக்டர் குப்புறப் படுத்தார். தம்பி "ஐயோ" என்றான். வேலிக்கு முன்னால் மூக்கு தூக்கிக்கொண்டது. சக்கரத்துக்கும் மேல் கம்பிக்கும் நடுவே என் கையால் ஒரு முழம் இருந்திருக்குமா என்று தெரியாது. தாண்டினாள். இந்தப் பக்கம் புல்லில் பூப்போல வைத்தாள். நேராக உருண்டு, என் மேசைக்கு எதிரில் நின்றாள்.

பல் டாக்டர் எழுந்து புல்லைத் தட்டிக்கொண்டு கைதட்டினார். "என்ன கை அது! என்ன கை!"

நான் பத்து நாற்பத்தேழு என்று எழுதினேன். என் கையெழுத்து கொஞ்சம்கூட நடுங்கவில்லை. நம்ம பொண்ணு, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. உயிர் பிழைத்தாள் என்று தோன்றவில்லை.

மாஸ்டர் ஓடவில்லை. நடந்து போனார். நானும் தம்பியும் பின்னால் போனோம். அவள் கண்ணாடியைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எங்க இறங்கறதா முடிவு பண்ணின?" என்றார்.

"வயல்ல."

"எந்த உயரத்துல?"

"திரும்பும்போதே. அறுபது மீட்டர் இருக்கும்."

"சரியான இடம். சரியான நேரம். பிரேக்கும் திறந்த. ஏன் மூடின?"

அவள் மாஸ்டரைத் தாண்டி என்னைப் பார்த்தாள். உடனே பார்வையை எடுத்துக்கொண்டாள். என்னைக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்று நினைத்தாள் போல.

"வந்து சேந்துட்டா இல்ல மாஸ்டர்? ஒரு கீறல் இல்ல" என்றேன் நான்.

"வேலி ஒரு அடி ஒசரமா இருந்திருந்தா உங்க மேசை மேல வந்து சேந்திருப்பா சார்." அவர் குரல் ஏறவில்லை. "இவ கையில குறை இல்ல, கண்ணுல குறை இல்ல. நான் சொல்லிக்குடுத்ததுல இப்படி ஓட்டினவங்க ரெண்டு பேர் இல்ல. சரியா முடிவு பண்ணி, அந்த முடிவை மாத்திக்கிட்டா. தெரியாம பண்ணியிருந்தா திரும்பச் சொல்லிக்குடுப்பேன். தெரிஞ்சு பண்ணினதுக்கு என்னத்தைச் சொல்லிக்குடுக்கறது?"

தம்பி முதல் தடவையாகப் பேச்சில் நுழைந்தான். "இன்னொரு தடவை அனுப்பிப் பாருங்க மாஸ்டர்."

"அவ வாக்குக் குடுத்திருந்தா. நான்தான் வாங்கினேன்" என்றேன். "இப்போ, உங்க முன்னாடியே சொல்றேன், அந்த வாக்கு வேண்டாம். விட்டுட்டேன்."

"நீங்க விட்டுட்டீங்க சார். அவளுக்குள்ளேருந்து அது போயிடுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அப்போது அவளே பேசினாள். "போகல மாஸ்டர். தரை கிட்ட வந்ததும் பெரியப்பா சத்தம்தான் கேட்டுச்சு. கை தானா மூடிடுச்சு. அடுத்த தடவையும் மூடும்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பறந்த நேரம் ஐந்து நிமிடம் என்று அவளுடைய பறப்புப் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி எழுதினார். தகுதி என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாமல் மூடிக் கொடுத்தார்.

மூன்று நாள் கழித்து மாஸ்டர் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் எதற்கும் போய் நின்றறியாதவன் நான். மாடியில் ஒற்றை அறை. கட்டில், ஸ்டவ், சுவரில் காற்றின் போக்கைக் காட்டும் படங்கள். நாற்காலியில் கிடந்த துணியை எடுத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் நின்றே பேசினேன். குற்றம் என்னுடையது, தண்டனை அவளுக்கு எதற்கு என்றேன்.

"தண்டனை இல்ல சார். அவ உயிரோட இருக்கணும்னு பாக்கறேன்" என்றார். "நான் கையெழுத்துப் போட்டு, நாளைக்கு வேற எங்கயோ, வேற யாரோ பெரியவர் சொன்னதுக்காக அவ முடிவை மாத்தினா, உங்க வீட்டு வாசல்ல நான் எந்த முகத்தோட நிப்பேன்?"

மாதம் முடிந்தது. விண்ணப்பம் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. அவள் அழுதிருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். கூரியர் அலுவலகத்தில் பார்சல் எடை போட்டு முத்திரை குத்தும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலை ஒன்பதுக்குப் போனால் இரவு ஏழுக்கு வருகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். எந்தக் காரியமானாலும் "நீங்க சொல்றபடியே செய்யறேன் பெரியப்பா" என்கிறாள். எந்தச் சட்டை வாங்கலாம் என்றுகூட என்னைக் கேட்கிறாள். ஒருகாலத்தில் இந்த அடக்கத்துக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன்! இப்போது அவள் அந்தக் கேள்வியோடு என் அறை வாசலில் வந்து நிற்கும்போது நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலை சொன்னேன். "வா, ரெண்டு பேரும் போகலாம். அந்த வயல்ல குறுக்க நடந்துட்டு வருவோம். நானே முதல்ல கால் வைக்கறேன்."

அவள் சாப்பாட்டுப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "நீங்க போயிட்டு வாங்க பெரியப்பா. எனக்கு அந்தப் பக்கம் வேலை இல்ல."

கிளம்பிப் போனாள். தம்பி தட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவன், முதுகைத் திருப்பியபடியே சொன்னான்:

"கவலைப்படாதீங்க அண்ணே. உங்க மானம் பத்திரமா இருக்கு. என் பொண்ணு கம்பிக்கு மேலயே கொண்டுவந்து குடுத்துட்டா."

நான் தனியாகப் போனேன். வேலிக் கதவு வரைக்கும் போனேன். கை கதவின் தாழ்ப்பாளில் இருந்தது. உள்ளே உழுது புரட்டிப் போட்டிருந்தார்கள். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. முப்பத்து நான்கு வருடம் நேரம் எழுதியவனுக்கு அது தெரியவில்லை. கால் எழவில்லை. திரும்பி வந்துவிட்டேன். என்னாலேயே முடியவில்லை, அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு நொடியில், அவளால் எப்படி முடியும்?

இப்போது உறவுக்காரர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்கிறார்கள். பங்காளிதான் பழைய பகையை மனதில் வைத்து மாஸ்டரைக் கைக்குள் போட்டுக்கொண்டு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டானாம். அவளுக்குத் திறமை இருந்தும் கையெழுத்துப் போடாததற்கு அதுதான் காரணமாம். கேட்பதற்கு எங்கள் குடும்பத்துக்கு இதமான கதைதான்.

அது உண்மையல்ல. பங்காளி மாஸ்டரிடம் இவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் வாழ்க்கையைக் கெடுத்தவன் நான்.